மலைச்சரிவுக்குக் கீழே தடுப்புச் சுவர்: மண் அழுத்தத்தை மதிப்பிடும் முழுமையான வழிகாட்டி

குன்னூரிலோ கோத்தகிரியிலோ வீட்டு மனைக்காக மலையை வெட்டினால், பின்பக்கத் தடுப்புச் சுவரின் கனத்தைப் பெரும்பாலும் மேஸ்திரியின் கைக்கணக்குதான் தீர்மானிக்கிறது. பத்தடி உயரமா, அடியில் ஐந்தடி, தலையில் இரண்டடி. வெட்டிய மண் தானாகவே நிற்கும் இடங்களில் இந்த அளவு பிழைத்துக்கொள்கிறது. அங்கே சுவர் தாங்குவதற்கு அதிகம் இல்லை. மண் உண்மையிலேயே சுவர்மேல் சாயும் நாளில்தான் கணக்கு தெரியவரும், அந்த நாள் பெரும்பாலும் நவம்பரில் வரும்.

கீழே உள்ள முறை 4 மீட்டர் வரையிலான கருங்கல் கட்டுச் சுவருக்குப் பொருந்தும். அதற்கு மேல் போனாலும், சுவரின் தலைக்கு மேலேயே இன்னொரு வீடு இருந்தாலும், மண்ணியல் பொறியாளர் இல்லாமல் இறங்க வேண்டாம். நீலகிரியில் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் எல்லைக்குள் வரும் கிராமங்களில், ஜே.சி.பி.யை வரவழைப்பதற்கு முன்பே அனுமதி வேலையை முடித்துக்கொள்ளுங்கள். மலைப்பகுதிச் சுவர்களுக்கென்றே ஐ.எஸ். 14458 என்ற இந்தியத் தர நெறிமுறை இருக்கிறது. பொறியாளரிடம் பேசும்போது அந்த எண்ணைச் சொல்லுங்கள்.

முதல் படி: சுவருக்கு மேலே ஏறி அளப்பது

சுவர் வரப்போகும் இடத்தை அளந்துவிட்டு இறங்கிவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு. அழுத்தத்தைத் தீர்மானிக்கும் நிலம் சுவருக்குப் பின்னால், மேலே இருக்கிறது. அடித்தளத்தின் அடியிலிருந்து சுவரின் தலை வரை உள்ள மொத்த உயரத்தை எடுத்து, அதன் இரு மடங்கு தூரத்துக்காவது கிடைமட்டமாகப் பின்னோக்கி அளக்க வேண்டும். வெளியே தெரிவது 3 மீட்டர், மண்ணுக்குள் 0.6 மீட்டர் என்றால் மொத்தம் 3.6 மீட்டர். ஆகவே 7.2 மீட்டர் தூரம் மேலே போக வேண்டும்.

இரண்டு மீட்டர் நேர்ச்சட்டத்தைச் சரிவின் மேல் வைத்து, அதன்மேல் கைபேசியின் சாய்வுமானியை வைத்தால் கோணம் கிடைக்கும். நான்கைந்து இடங்களில் அளந்து, அதிகமானதைக் குறித்துக்கொள்ளுங்கள். சராசரி எடுக்க வேண்டாம். கைபேசியை நம்பாதவர்கள் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாய்) வைத்து ஏற்றத்தை அளக்கலாம். ஒரு மீட்டர் கிடைமட்டத்துக்கு 36 செ.மீ. ஏறினால் 20 டிகிரி, 47 செ.மீ. ஏறினால் 25 டிகிரி, 58 செ.மீ. ஏறினால் 30 டிகிரி.

தேயிலைத் தோட்டச் சரிவு பெரும்பாலும் ஒரே சாய்வாக மேலே போய்க்கொண்டே இருக்கும். கேரட், உருளைக்கிழங்கு போடும் படிக்கட்டு நிலம் அப்படியல்ல. கொஞ்சம் ஏறி, சமமாகி, மறுபடி ஏறும். சரிவு கொஞ்சத் தூரத்திலேயே முடிந்து சமதளமாகிவிட்டால் முழுக் கோணத்தையும் எடுப்பது தேவைக்கு மிஞ்சிய செலவு. அப்போது, சுவர் உயரத்தின் இரு மடங்கு தூரத்தில் நிலம் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று பார்த்து, அந்தப் புள்ளியைச் சுவரின் தலையோடு நேர்கோட்டால் இணைத்தால் வரும் கோணமே கணக்குக்கான சரிவு. 3.6 மீட்டர் சுவருக்குப் பின்னால் நிலம் மொத்தம் 1.5 மீட்டர் மட்டுமே உயர்ந்து சமமாகிறது என்றால், 1.5ஐ 7.2ஆல் வகுத்தால் 0.208, அதாவது ஏறத்தாழ 12 டிகிரி. ஆனால் அந்தச் சமதளத்துக்குப் பின் உடனே அடுத்த மேடு எழுந்தால் இந்தச் சலுகை கிடையாது.

அளந்துகொண்டிருக்கும்போதே வேறு சிலவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஊற்று கசியும் இடம், மேல்வீட்டுக் கழிவுநீர்த் தொட்டியும் உறிஞ்சு குழியும் இருக்கும் இடம், சமையலறைத் தண்ணீர் எங்கே விடப்படுகிறது, தோட்டத்துக்குத் தெளிப்பான் உண்டா, அடிமரம் வளைந்த மரங்கள், பிறை வடிவ விரிசல்கள். கடைசி இரண்டில் எதைக் கண்டாலும் கணக்கை அங்கேயே நிறுத்திவிட்டு இந்தக் கட்டுரையின் எட்டாம் படிக்குப் போகவும்.

இரண்டாம் படி: மண்ணுக்கு மூன்று எண்கள்

நீலகிரியின் அடிப்பாறை சார்னோகைட் என்ற கடினப் பாறை. அதன்மேல் பல மீட்டர் ஆழத்துக்குச் சிதைந்த மண் படிந்திருக்கிறது. மேலே செம்மண், அதற்குக் கீழே பல இடங்களில் வெளுத்த, வழுவழுப்பான களி. செம்மண் வெட்டினால் செங்குத்தாக நிற்கும். கீழே உள்ள வெள்ளைக் களி ஈரமானால் வழுக்கும். இரண்டுக்கும் ஒரே எண்ணைப் போடக்கூடாது. ஆகர் (மண்ணைத் துளைக்கும் கருவி) வைத்து, சுவரின் அடித்தள மட்டத்துக்குக் கீழேயும் ஒன்றரை இரண்டு மீட்டர் துளைத்து, அந்தக் களி எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள்.

முதல் எண் எடை அடர்த்தி. 10 செ.மீ. விட்டமும் 13 செ.மீ. உயரமும் கொண்ட உருளை வெட்டியை மண்ணில் அடித்து எடுத்தால் உள்ளே 1,020 கன செ.மீ. மண் இருக்கும். அந்த மண் 1.88 கிலோ என்றால் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன் (இனி கி.நி.). பத்து கி.நி. ஏறக்குறைய ஒரு டன் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். முழுக்க நனைந்த மண்ணுக்கு 20 கி.நி. என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது எண் உராய்வுக் கோணம், அதாவது மண்துகள்கள் ஒன்றோடொன்று உரசி நிற்கும் வலிமையைக் கோணமாகச் சொல்வது. இதற்கு ஆய்வகச் சோதனை வேண்டும். மண் சோதனைகளுக்கான ஐ.எஸ். 2720 தொகுப்பின் 13ஆம் பகுதி சொல்லும் நேர்வெட்டுச் சோதனை போதுமானது. கோவையில் பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் கேட்டுப் பார்க்கலாம். கலையாத மண்கட்டியாக எடுத்து, மெழுகு பூசி, ஆடாமல் கொண்டுபோக வேண்டும். மண்ணை நனைத்த பிறகு சோதிக்கச் சொல்லுங்கள். இதை எழுதிக் கொடுக்காவிட்டால் இருந்த ஈரத்திலேயே சோதித்து அழகான எண்ணைத் தந்துவிடுவார்கள். சோதனை இல்லாத நிலையில் செம்மண்ணுக்கு 28 முதல் 30 டிகிரிக்கு மேல் எடுக்க வேண்டாம். களிக்கு அதையும் எடுக்கக்கூடாது, சோதித்தே ஆக வேண்டும்.

மூன்றாவது எண் ஒட்டுத்தன்மை. மலையில் ஏமாற்றுவது இதுதான். 18 கி.நி. அடர்த்தியும் 30 டிகிரி உராய்வும் உள்ள மண்ணுக்குச் சதுர மீட்டருக்கு 15 கி.நி. ஒட்டுத்தன்மை இருந்தால், எந்தச் சுவரும் இல்லாமலே 5.8 மீட்டர் செங்குத்தாக நிற்க முடியும் என்று கணக்கு சொல்கிறது. மார்ச் மாதத்தில் வெட்டிய மண் கண்ணெதிரே அப்படித்தான் நிற்கிறது. அந்த ஒட்டுத்தன்மையில் பெரும்பங்கு மண்துகள்களுக்கு இடையே உள்ள ஈரத்தின் இழுவையால் வருவது. மழையில் மண் நிறைந்ததும் அந்த இழுவை மறைந்துவிடும். ஒட்டுத்தன்மை 3 கி.நி. ஆகக் குறைந்தால் அதே மண் 1.15 மீட்டருக்கு மேல் நிற்காது. ஆய்வக அறிக்கையில் இந்த எண்ணைப் பார்த்ததும் சுவரை மெலிதாக்கலாம் என்ற ஆசை எழும். அடக்கிக்கொள்ளுங்கள். அழுத்தக் கணக்கில் ஒட்டுத்தன்மையைப் பூஜ்யம் என்றே எடுப்போம். சுவருக்குப் பின்னால் கொட்டி நிரப்பும் மண்ணுக்கு அது உண்மையும்கூட.

மூன்றாம் படி: அழுத்தக் குணகம்

சுவர் சில மில்லிமீட்டராவது முன்னால் நகர முடிந்தால், பின்னால் உள்ள மண் தன் வலிமையைப் பயன்படுத்தித் தன்னைத்தானே கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். மண்ணின் எடையில் எத்தனை பங்கு பக்கவாட்டில் தள்ளுகிறது என்பதே அழுத்தக் குணகம். அந்த நிலையின் அழுத்தத்தைக் கணக்கிட ஸ்காட்லாந்துப் பொறியாளர் ராங்கின் 1857இல் தந்த முறை சரிவு நிலத்துக்கும் பொருந்தும். சரிவுக் கோணத்தின் கொசைன் மதிப்பை ‘ச’ என்றும், உராய்வுக் கோணத்தின் கொசைன் மதிப்பை ‘உ’ என்றும் வைத்துக்கொள்வோம்.

வ = √(ச² − உ²)
குணகம் = ச × (ச − வ) ÷ (ச + வ)

உராய்வுக் கோணம் 30 டிகிரி உள்ள மண்ணுக்குச் சரிவு ஏற ஏறக் குணகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள்:

சமதளம் – 0.33
10 டிகிரி – 0.35
15 டிகிரி – 0.37
20 டிகிரி – 0.41
25 டிகிரி – 0.49
28 டிகிரி – 0.59
30 டிகிரி – 0.87

பதினைந்து டிகிரி வரை சரிவு பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. இருபத்தைந்தைத் தாண்டியபின் ஒவ்வொரு டிகிரியும் அடிக்கிறது. சரிவுக் கோணம் மண்ணின் உராய்வுக் கோணத்தை நெருங்கும்போது அந்தச் சரிவே நிற்பதற்குத் தடுமாறிக்கொண்டிருக்கிறது, அதன் தடுமாற்றம் முழுவதும் சுவர்மேல் வந்து விழுகிறது. ஆகவே 28 டிகிரிச் சரிவில் உராய்வுக் கோணத்தை 30 என்பதா 32 என்பதா என்ற கேள்விக்கு ஆய்வகக் கட்டணத்தைவிடப் பல மடங்கு விலை உண்டு. 10 டிகிரிச் சரிவில் அந்தக் கேள்விக்கு அவ்வளவு விலை இல்லை. சரிவு உராய்வுக் கோணத்தைத் தாண்டினால் வர்க்கமூலத்துக்குள் எதிர்மறை எண் வந்து சூத்திரம் விடையே தராது. அப்படி விடை வராமல் போனால் கோணத்தைக் குறைத்துப் போட்டு விடை வரவழைக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

சுவர் நகரவே முடியாது என்றால் இந்தக் குணகம் செல்லாது. நகர்வு என்றால் எவ்வளவு? இறுகிய மண்ணுக்கு உயரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, தளர்ந்த மண்ணுக்கு ஆயிரத்தில் நான்கு பங்கு. 3.6 மீட்டர் சுவருக்குத் தலையில் 4 முதல் 14 மி.மீ. தனித்து நிற்கும் சுவர் இதைச் சத்தமில்லாமல் நகர்ந்துவிடும். வீட்டின் பின்சுவரையே தடுப்புச் சுவராக்கி, மேலே தளத்தோடு பிணைத்துக் கட்டினால் நகர முடியாது. அப்போது ஓய்வுநிலை அழுத்தம்தான் வரும். அதன் குணகம், ஒன்றிலிருந்து உராய்வுக் கோணத்தின் சைன் மதிப்பைக் கழித்து, அதை (1 + சரிவுக் கோணத்தின் சைன்) என்பதால் பெருக்கினால் கிடைக்கும். 30 டிகிரி மண், 20 டிகிரிச் சரிவுக்கு அது 0.67. தனிச் சுவருக்கான 0.41 எங்கே, இது எங்கே. இடம் மிச்சமாகும் என்று வீட்டுச் சுவரிலேயே மண்ணைச் சாய்க்கிறவர்கள் இந்த ஒன்றரை மடங்கைக் கணக்கில் கொள்வதில்லை.

நான்காம் படி: விசை

மொத்த விசை = ½ × குணகம் × அடர்த்தி × உயரத்தின் வர்க்கம். சுவரின் நீளத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் இது.

மொத்த உயரம் 3.6 மீட்டர், அடர்த்தி 18, சரிவு 20 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 0.5 × 0.414 × 18 × 12.96 = 48.3 கி.நி. ஏறக்குறைய ஐந்து டன். இது அடியிலிருந்து உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில், அதாவது 1.2 மீட்டரில், சரிவுக்கு இணையாகக் கீழ்நோக்கிச் சாய்ந்து வேலை செய்கிறது. அதைப் பிரித்தால் கிடைமட்டத் தள்ளுவிசை 45.4, கீழ்நோக்கிய விசை 16.5 கி.நி.

உயரம் வர்க்கமாக வருவதைக் கவனியுங்கள். கருங்கல் சுவரின் பின்பக்கம் செங்குத்து என்பதால் இங்கே 3.6 போதும். ஆர்.சி.சி. சுவரில் அடிப்பலகை பின்னோக்கி நீண்டிருக்கும். அங்கே அந்த நீட்சியின் கடைசி முனையிலிருந்து செங்குத்தாக மேலே போய்ச் சரிவைத் தொடும் வரை உள்ள உயரத்தையே எடுக்க வேண்டும். 1.5 மீட்டர் நீட்சி, 20 டிகிரிச் சரிவு என்றால் உயரம் 55 செ.மீ. கூடும். விசை 48 கி.நி.யிலிருந்து 64 ஆகிவிடும். சமதளத்துக்கு வரைந்த ஆர்.சி.சி. படத்தை அப்படியே மலைக்குக் கொண்டுவரும்போது விடுபடுவது இந்த மூன்றில் ஒரு பங்கு.

ஐந்தாம் படி: தண்ணீர்

மேலே போட்ட கணக்கு வடிகால் ஒழுங்காக இருக்கும் சுவருக்கானது. இனி, வடிகால் அடைத்துக்கொண்டு சுவருக்குப் பின்னால் தண்ணீர் தலை வரை நிற்கிறது என்று வையுங்கள்.

தண்ணீருக்குக் குணகம் கிடையாது, அதாவது குணகம் ஒன்று. தன் முழு எடையாலும் பக்கவாட்டில் தள்ளும்: 0.5 × 9.81 × 12.96 = 63.6 கி.நி. தண்ணீருக்குள் மூழ்கிய மண் மிதவையால் எடை குறைந்து 10.2 கி.நி. ஆகிறது. அதன் கிடைமட்டத் தள்ளு 25.7. மொத்தம் 89 கி.நி. வடிகால் இருந்தபோது இருந்த 45இன் இரு மடங்கு. பாதி உயரத்துக்கு, 1.8 மீட்டருக்கு மட்டும் தண்ணீர் நின்றால் 56 கி.நி.

சரிவை 20 டிகிரியிலிருந்து 28 ஆக ஏற்றினாலே கிடைமட்டத் தள்ளு 61தான் ஆகிறது. அடைத்துக்கொண்ட ஒரு வடிகால் அதைவிட அதிகம் செய்கிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் மழை கொட்டியது. கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கம் தென்மேற்குப் பருவமழையும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையும் கணக்குக்கான மழைகள். 1993 நவம்பரில் மரப்பாலத்திலும் 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி சுற்றிலும் மண் சரிந்தது இந்த இரண்டாவது மழையில்தான்.

எனவே கணக்கை இரண்டு முறை போடுங்கள். வடிகால் வேலை செய்யும்போது முழுப் பாதுகாப்புக் காரணி (எதிர்க்கும் விசையைத் தள்ளும் விசையால் வகுத்தால் வருவது) வர வேண்டும். பாதி உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும்போதும் சுவர் நகரக்கூடாது. முழுத் தண்ணீரைத் தாங்கும் கருங்கல் சுவர் கட்டுவது வீட்டுக்காரருக்குக் கட்டுப்படியாகாது. அந்தப் பணத்தை வடிகாலில் போடுவதே புத்தி.

ஆறாம் படி: மேற்சுமையும் நிலநடுக்கமும்

சுவருக்கு மேலே தள்ளி நடைபாதை, சிறு கொட்டகை என்றால் சதுர மீட்டருக்கு 10 கி.நி. வையுங்கள். சாலை போனால் 1.2 மீட்டர் மண் கூடுதலாக இருப்பதாக எடுப்பது நெடுஞ்சாலைத் துறையினர் வழக்கம், அதாவது ஏறத்தாழ 22 கி.நி. குணகம் × சுமை × உயரம் என்பதே கூடுதல் விசை. 10 கி.நி.க்கு 0.414 × 10 × 3.6 = 15 கி.நி. இது அடியிலிருந்து பாதி உயரத்தில் தள்ளும் என்பதால் கவிழ்க்கும் வேலையைக் கூடுதலாகச் செய்யும்.

நீலகிரி, நிலநடுக்கத்துக்கான ஐ.எஸ். 1893 நெறிமுறையின் 2016 பதிப்பில் மூன்றாம் மண்டலம், மண்டலக் காரணி 0.16. அதில் பாதியைக் கிடைமட்ட நடுக்கக் குணகமாக எடுத்து நடுக்கத்தின்போது வரும் மண் அழுத்தத்துக்கான மொனொனோபே–ஒக்காபே முறையில் போட்டால், நம் சுவருக்கு 0.41 என்பது 0.54 ஆகிறது. நடுக்கமும் முழுத் தண்ணீரும் ஒன்றாக வரும் என்று சேர்த்துப் போட வேண்டியதில்லை.

ஏழாம் படி: சுவர் தாங்குமா

மேஸ்திரியின் சுவரை முதலில் பார்ப்போம். தலை 0.6 மீட்டர், அடி 1.5, உயரம் 3.6, பின்பக்கம் செங்குத்து. கருங்கல் கட்டின் அடர்த்தி 23 கி.நி. என்றால் எடை 86.9. மண்ணின் கீழ்நோக்கிய விசையைச் சேர்த்தால் 103.4. ஈரமான அடிமண்ணோடு உராய்வு 0.5 என்று எடுத்தால் சறுக்கலை எதிர்ப்பது 51.7, தள்ளுவது 45.4. பாதுகாப்புக் காரணி 1.14. வேண்டியது 1.5. வடிகால் முழுதாக வேலை செய்யும்போதே இந்த நிலை.

அடியை 2.3 மீட்டராக்கினால் எடை 120.1, மொத்தம் 136.6, காரணி சரியாக 1.5. முன்விளிம்பைச் சுற்றிக் கவிழ்வதை எதிர்க்கும் திருப்புதிறன் (விசை × தூரம்) 217, கவிழ்ப்பது 54.5, காரணி 4. கவிழ்வதற்கு 2 இருந்தால் போதும். எடையும் தள்ளும் சேர்ந்த விசை அடியின் நடுவை ஒட்டியே விழுவதால் அடிமண்ணில் அழுத்தம் சதுர மீட்டருக்கு 53 முதல் 66 கி.நி.தான். இறுகிய செம்மண் இதைத் தாங்கும்.

சரிவுக்குக் கீழே உள்ள குட்டையான கருங்கல் சுவர் கவிழ்வதற்கு முன் சறுக்கும் என்பது இந்த எண்களிலேயே தெரிகிறது. ஆனால் பலரும் பயந்து கேட்பது கவிழ்வதைப் பற்றித்தான். தலையைத் தடிமனாக்குவார்கள், அடியைத் தொடமாட்டார்கள்.

மண்ணின் கீழ்நோக்கிய விசையை நம்ப வேண்டுமானால் சுவரின் பின்முகம் கரடுமுரடாக இருக்க வேண்டும். பின்பக்கத்தைச் சிமென்ட் பூசி வழவழப்பாக்கினால் அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அப்போது 2.3 மீட்டர் அடிக்கும் காரணி 1.32தான். முன்பக்கத்தில் புதைந்திருக்கும் 0.6 மீட்டர் மண்ணின் எதிர்ப்பையும் சேர்க்க வேண்டாம். நாளைக்கு யாராவது சாக்கடைக்கோ தண்ணீர்க் குழாய்க்கோ அங்கேதான் தோண்டுவார்கள்.

செலவு அதிகம் ஏறாமல் சறுக்கலை அடக்க வழி ஒன்று உண்டு. அடித்தளத்தைச் சமமாகப் போடாமல், மலையை நோக்கிப் பத்துக்கு ஒன்று என்று தாழ்த்திப் போடுவது. 2.3 மீட்டர் அகலத்தில் பின்பக்கம் 23 செ.மீ. ஆழமாகும். உயரம் கூடியதால் தள்ளுவிசையும் கூடும்தான். அதையும் சேர்த்துப் போட்டாலும் காரணி 1.5இலிருந்து 2ஐ எட்டுகிறது. சுவருக்கு முன்னால் நிலம் உடனே கீழே சரிந்தால் இந்த ஆதாயம் குறையும், அங்கே அடித்தளத்தை இன்னும் ஆழமாக்க வேண்டும்.

தண்ணீர் பாதி நின்றால், சமமான அடி கொண்ட 2.3 மீட்டர் சுவரின் காரணி 1.2. நகராது. முழுதும் நின்றால் 0.72. அடியைச் சாய்த்தாலும் 0.84. இரண்டுமே ஒன்றுக்குக் கீழே.

ஒரு மீட்டர் நீளச் சுவருக்கு 5.2 கன மீட்டர் கட்டு வேண்டும். நம்மூர்க் கணக்கில் 1.84 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). மேஸ்திரியின் சுவருக்கு 3.8 கன மீட்டர். இந்த வித்தியாசத்தை முதலிலேயே வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுவது நல்லது.

வடிகால்

சுவருக்குப் பின்னால் குறைந்தது 30 செ.மீ., முடிந்தால் 45 செ.மீ. கனத்துக்கு உடைகல் வடிப்படுக்கை, அடியிலிருந்து தலைக்குக் கீழே அரை மீட்டர் வரை. படுக்கைக்கும் மண்ணுக்கும் நடுவே வடிதுணி (ஜியோடெக்ஸ்டைல்). செம்மண்ணின் நுண்துகள் கல் இடுக்குகளில் புகுந்து இரண்டு மூன்று மழைக்காலத்தில் படுக்கையையே மண்ணாக்கிவிடும். வடிதுணி இல்லாத படுக்கையை நம்பக்கூடாது. படுக்கையின் அடியில் துளையிட்ட 110 மி.மீ. பி.வி.சி. குழாய், நூற்றுக்கு ஒன்று சரிவில், இருபுறமும் வெளியே திறந்திருக்கும்படி. முனையைத் திறந்து குச்சி விட்டுச் சுத்தம் செய்ய வழி இருக்க வேண்டும்.

வீப் ஹோல்கள் (சுவரின் ஊடே தண்ணீர் வெளியேறும் துளைகள்) 75 முதல் 100 மி.மீ. விட்டத்தில், கிடைமட்டத்திலும் செங்குத்திலும் ஒன்றரை மீட்டருக்கு ஒன்று, வரிசைக்கு வரிசை மாற்றி மாற்றி, வெளியே சற்றுச் சரிந்து. கடைசி வரிசை முன்பக்கத் தரையிலிருந்து 15 செ.மீ.க்குள் இருக்கட்டும். கட்டும்போது குழாயின் பின்வாயில் சாக்கைச் செருகுவார்கள், பூச்சு காய்ந்ததும் அதை உருவ மறந்துவிடுவார்கள். பின்னால் மண் போடுவதற்கு முன் ஒவ்வொரு குழாயிலும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். இதற்கு அரைமணி நேரம் போதும்.

படுக்கையின் மேல்பகுதியை 30 செ.மீ. களிமண்ணால் மூடி இறுக்குங்கள், மேலிருந்து மழைநீர் நேராக இறங்காது. சுவரின் தலையிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் மேலே, சரிவுக்குக் குறுக்கே, கட்டிய மேல்வாய்க்கால் ஒன்று வேண்டும். கட்டாத மண்வாய்க்கால் வெட்டுவதைவிட ஒன்றும் வெட்டாமல் இருப்பது மேல். அது மழைநீரைச் சேகரித்துச் சுவருக்குப் பின்னால் இறக்கும். மேல்வீட்டு உறிஞ்சு குழி சுவருக்கு மேலே இருந்தால் அதை மாற்றாமல் வேலையைத் தொடங்க வேண்டாம். மழைக்காலம் போனாலும் அந்தத் தண்ணீர் நிற்காது.

எட்டாம் படி: சரிவு தானாக நிற்குமா

இதுவரை போட்ட கணக்கு எல்லாம், மேலே உள்ள சரிவு நிற்கிறது என்று எடுத்துக்கொண்டு போட்டவை. ஒட்டுத்தன்மை இல்லாத மண்ணில் நீண்ட சரிவின் பாதுகாப்புக் காரணி, உராய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட்டைச் சரிவுக் கோணத்தின் டேன்ஜென்ட்டால் வகுத்தால் கிடைக்கும். 30 டிகிரி மண், 20 டிகிரிச் சரிவு என்றால் 1.59. மழையில் நிலத்தின் மேற்பரப்பு வரை தண்ணீர் நிறைந்து சரிவுக்கு இணையாகக் கசிந்தால் இது ஏறக்குறைய பாதியாகி 0.81க்கு வரும். அப்போது அந்தச் சரிவை நிறுத்தி வைத்திருப்பது வேரும் மிச்சமிருக்கும் ஒட்டுத்தன்மையும் மட்டுமே.

வளைந்த மரங்களோ, பிறை விரிசல்களோ, பழைய மண்சரிவின் வடுவோ, ஆகரில் அடிமட்டத்தில் வெள்ளைக் களியோ தென்பட்டால், மண் வழுக்கும் தளம் சுவருக்கு அடியிலேயே புகுந்து வெளியேறலாம். அந்த நிலையில் எந்தக் கனத்துச் சுவரும் மண்ணோடு சேர்ந்தே போகும். மண் வட்ட வில்லாக வழுக்குவதாக வைத்துப் பார்க்கும் முறையில், மென்பொருளில் முழுச் சரிவையும் பகுத்தாய வேண்டும். வேண்டியது சுவரா, மேலே படியாக வெட்டி எடை குறைப்பதா, ஆழ வடிகாலா, அல்லது வீட்டையே வேறிடத்துக்கு நகர்த்துவதா என்பது அதற்குப் பிறகு தீர்மானிக்க வேண்டியது.

கட்டும்போது

வெட்டுவதும் கட்டுவதும் ஜனவரி முதல் மார்ச் வரை. முழு நீளத்தையும் ஒரே நாளில் வெட்டித் திறந்து போடாமல், மூன்று மீட்டர் வெட்டி, அடுத்த மூன்று மீட்டரை விட்டு, அதற்கடுத்ததை வெட்டி, வெட்டியதில் கட்டி முடித்த பிறகு விட்டதை வெட்டுங்கள். ஜே.சி.பி. வாடகை இதனால் ஏறும். முழுவதையும் திறந்து வைத்து, ஏப்ரலின் கோடை மழை முதல் நாளே வந்துவிட்டால், மேல்நிலத்தோடு சேர்த்துத் திரும்ப அள்ளும் செலவு அதைவிட அதிகம்.

பின்நிரப்பு மண்ணை 20 செ.மீ. அடுக்குகளாகப் போட்டுக் கைத்திமிசால் இறுக்குங்கள். சுவரின் முதுகுக்கு ஒரு மீட்டருக்குள் கனமான உருளையோ ஜே.சி.பி. பக்கெட்டோ வேண்டாம். அந்த அழுத்தம் கணக்கில் இல்லாத கூடுதல் தள்ளாக உள்ளேயே தங்கிவிடும். கலவை ஏழு நாளாவது ஈரத்தில் இறுகாமல் மண்ணை ஏற்ற வேண்டாம். வெட்டிய மண்ணைச் சுவரின் தலைக்கு மேல் குவித்து வைக்காதீர்கள், அதுவும் மேற்சுமைதான்.

கட்டிய பிறகு, சுவரின் முகத்தில் மூன்று இடங்களில் ஆணி அடித்துத் தூக்குக்குண்டு விட்டு, அடியில் குறி போட்டு, தேதியோடு தூரத்தை எழுதி வையுங்கள். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். முதல் வருடத்தில் சில மில்லிமீட்டர் சாய்ந்து அத்தோடு நின்றால் அது கணக்கில் எடுத்த நகர்வு. இரண்டாம் வருடமும் தொடர்ந்தால் வீப் ஹோல்களைப் பாருங்கள். பலத்த மழையில் ஒரு துளையிலும் தண்ணீர் வராமல் சுவரின் முகம் மட்டும் ஈரமாக இருந்தால் பின்னால் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. அன்றிரவு சுவருக்குக் கீழே உள்ள அறைகளைக் காலி செய்துவிட்டு, மழை விட்டதும் துளைகளைக் கம்பியால் குத்தித் திறக்கலாம். துளையில் கலங்கிய செந்தண்ணீர் நிற்காமல் வந்தால் வடிதுணி கிழிந்திருக்கும், பின்னால் மண் கரைந்து பள்ளம் விழுந்துகொண்டிருக்கும். அப்போது மேலே ஏறி, சுவரின் முதுகை ஒட்டி நிலம் எங்கே இறங்கியிருக்கிறது என்று பார்த்து, மழை நின்ற பிறகு அந்த இடத்தில் தோண்டிப் படுக்கையைப் புதிதாகப் போட வேண்டும்.